“அவளுக்கு எதுக்கு நம்பரு?”: ஒரு மேச்சேரிப் பட்டியில் காதுவில்லை வந்த கதை

வெள்ளகோவிலுக்குத் தெற்கே சித்தப்பாவுக்குச் சொந்தமாகப் பதினாறு ஏக்கர் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்), குத்தகைக்குப் பத்து ஏக்கர். கொழுக்கட்டைப்புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. 2022 ஆடியில் அதில் 87 உருப்படி மேய்ந்தன: தாய் ஆடு 61, கிடா 2, குட்டி 24. அத்தனையும் மேச்சேரி இனச் செம்மறி.

வெள்ளாட்டுப் பட்டியில் நிறமே பாதி அடையாளம். கருப்பு, செவலை, புள்ளி, வெள்ளைக்கால் என்று பிரித்துச் சொல்லிவிடலாம். மேச்சேரியில் அந்த வசதி இல்லை. கிடாவுக்கும் கொம்பு கிடையாது, உடம்பு முழுக்கச் செம்பழுப்பு, வால் குட்டையும் ஒல்லியும். அறுபது சேர்ந்து நின்றால் செங்கல் சூளையைப் பார்த்த மாதிரி இருக்கும். சித்தப்பாவுக்கு மட்டும் ஒவ்வொன்றும் வேறு வேறு. நெத்திச்சுட்டி, வெள்ளைவாலி, காது கிழிஞ்சவ, திருட்டுக் கழுதை என்று எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. எது எப்போது ஈன்றது, எதன் குட்டி எது என்பதையெல்லாம் முப்பது வருடமாகத் தலையிலேயே வைத்திருந்தார்.

அந்த ஆடியில் அவருக்கு மூட்டு அறுவை சிகிச்சை. இரண்டு மாதம் காட்டுப் பக்கம் போகக் கூடாது என்று கோவையில் சொல்லிவிட்டார்கள். மேய்க்க வந்த அண்ணன் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நான் திருப்பூரில் கணக்கு எழுதுகிறவன், சனி ஞாயிறு மட்டும் வருவேன். பட்டியின் மொத்தக் கணக்கும் கட்டிலில் படுத்துக்கொண்டது என்பது எங்களுக்கு உறைக்க ஒரு வாரம் கூட ஆகவில்லை.

முதலில் மாட்டியது குடற்புழு மருந்து. ஒரு ஞாயிறு காலை நானும் அண்ணனும் பட்டிக்குள் நின்று ஒவ்வொன்றாகப் பிடித்து வாயில் ஊற்றினோம். அளவு பார்த்து 87-க்கும் மேலேயே வரும்படிதான் மருந்து வாங்கியிருந்தேன். பாட்டில் காலியானபோது மூலையில் பத்துக்கு மேல் ஆடுகள் ஒதுங்கி நின்றன. அவற்றின் வாயில் மருந்து பட்ட தடமே இல்லை. அப்படியென்றால் சில ஆடுகளுக்கு இரண்டு முறை போயிருக்கிறது. எவை என்று கேட்டால் இரண்டு பேரிடமும் பதில் இல்லை. அன்று கொடுத்தது அல்பெண்டசோல். சினைப்பட்ட முதல் மாதத்தில் அதைக் கொடுத்தால் கருவுக்கே கேடு. எது சினை, எது வெறும் வயிறு என்பதும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர் கோவையில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

போனில் கேட்டேன். “நெத்திச்சுட்டிக்கு ஊத்தீராதீங்க, அவ சினை” என்றார். இங்கே நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ளது நான்கு நின்றன.

இதற்கான அவசர வழியைக் கால்நடை மருந்தகத்தில் ஒரே வாக்கியத்தில் சொன்னார்கள்: மருந்து கொடுத்த கையோடு முதுகில் ஒரு கோடு இழுங்கள். அவ்வளவுதான். சாக்பீஸ் ஒரு மணி நேரம் தாங்கும், தரைக்குப் போடும் ஆக்சைடு பொடியைக் கடலை எண்ணெயில் குழைத்துத் தடவினால் ஒரு வாரம் நிற்கும். ஒரு நாள் வேலைக்கு அது போதும். இன்றும் தடுப்பூசி நாளில் நாங்கள் செய்வது அதைத்தான். ஆனால் கோடு சொல்வது “எனக்கு ஊற்றியாச்சு” என்பதை மட்டும்தான். “நான் யார்” என்று அது சொல்லாது.

சித்தப்பா ஊன்றுகோலோடு திரும்பி வந்ததும், ஆட்டுக் காதில் எண் போட்ட வில்லை மாட்டலாம் என்றேன். “ஏங்கண்ணு, பெத்த புள்ளைக்கு யாராச்சும் நம்பர் போடுவாங்களா? அவளுக்கு எதுக்கு நம்பரு?” என்றார். நம்பர் அவருக்காக இல்லை, அவர் இல்லாத அன்றைக்காக என்பதை எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சித்திதான் சொன்னார்: “உங்களுக்குத் தெரியுங்க. எங்களுக்குத் தெரிய வேண்டாமா?”

ஆட்டுக்கும் மாட்டுக்கும் குறி போடுவது ஒன்றும் புதுப் பழக்கமில்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில் அரசாங்க மந்தையைக் கவனிக்கும் அதிகாரிக்கு இதற்கென்றே விதி இருக்கிறது. கன்று பிறந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் குறி போட வேண்டும், போட்ட குறி, பிறவி அடையாளம், நிறம், கொம்பின் வேறுபாடு எல்லாவற்றையும் பதிந்து வைக்க வேண்டும். அந்த அதிகாரி ஒரு மாட்டையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார் என்று தோன்றவில்லை. தெரியாதவர் படிப்பதற்குத்தான் குறி. இதை முதல் நாளே யோசித்திருந்தால் நாங்கள் செய்த தப்புகளில் பாதி நடந்திருக்காது.

எந்தக் குறி

சூடு போடுவது பேச்சுக்கே வரவில்லை. வலி ஒரு பக்கம் இருக்கட்டும், மேச்சேரிக்குப் பேரே அதன் தோலால். பச்சை குத்தலாம் என்றால் பழுப்புக் காதில் மை எடுபடாது, ஆட்டைப் பிடித்துக் காதைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். காதில் வெட்டுக்குறி போடுவது கிடை போடுகிறவர்களின் பழக்கம். பல பேர் ஆடு ஒரே கிடையில் கலக்கும்போது எது யாருடையது என்று பார்க்க அது நல்ல வழி. அறுபது ஆட்டையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் காது முழுக்க வெட்ட வேண்டியிருக்கும். மணியும் கழுத்துக்கயிறும் கிளுவையில் மாட்டினால் ஆட்டின் கழுத்துக்கே ஆபத்து.

மின்னணு வில்லை பற்றியும் விசாரித்தேன். பதினைந்து இலக்க எண் அதற்குள்ளேயே இருக்கும், கருவியைக் காட்டினால் படித்துவிடும். ஆனால் கைக்கருவி காதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தால்தான் படிக்கும். கருவியின் விலைக்கு இரண்டு மூன்று கிடா வாங்கிவிடலாம். ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவருக்கு அது சரிப்படும். எங்களுக்குப் பிளாஸ்டிக் வில்லையே போதும் என்று முடிவானது.

இங்கே நான் ஒரு கஞ்சத்தனம் செய்தேன். எண் அச்சிட்ட வில்லை வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். வெறும் வில்லையை வாங்கி மார்க்கர் பேனாவால் நானே எழுதினேன். நான்கு மாத வெயிலில் 1-ம் 7-ம் ஒன்றாகிவிட்டன, மாசியில் வெறும் மஞ்சள் பிளாஸ்டிக் மட்டும்தான் தொங்கியது. அச்சிட்ட வில்லை வாங்கி மறுபடி எல்லாவற்றையும் பிடித்தோம். மிச்சப்படுத்திய பணம் ஒரு நாள் கூலிக்கு வராது.

வில்லை போட்ட நாள்

2022 அக்டோபர், ஐப்பசி தொடங்கியிருந்தது. தாய் ஆடுகளில் இரண்டுக்குப் பிறவியிலேயே காது மொட்டை, குத்த இடமே இல்லை. மீதி 59 தாயும் 2 கிடாவும் சேர்த்து 61.

முறை கேட்க எளிது. ஆட்டுக் காதைக் கையில் பிடித்துத் தடவினால் நீளவாக்கில் ஓடும் இரண்டு தடித்த வரம்பு தட்டுப்படும். அவற்றுக்கு நடுவே, நுனிக்குப் போகாமல் தலையை ஒட்டிய பாதியில், ரத்தநாளம் இல்லாத இடமாகப் பார்க்க வேண்டும். இடுக்கியில் ஊசிப் பகுதி காதின் பின்பக்கமும் துளைப் பகுதி உள்பக்கமும் வரும்படி மாட்டி, ஊசியை அயோடினில் நனைத்து, ஒரே அமுக்கு. தயங்கி இரண்டு தவணையாக அமுக்கினால்தான் ஆடு துள்ளும், காதும் கிழியும். அண்ணன் தலையைத் தொடைக்கு நடுவே பிடிக்க நான் அமுக்கினேன். முதல் ஐந்துக்கு என் கைதான் நடுங்கியது.

தாய்க்கு இடது காது, கிடாவுக்கு வலது காது என்று பேசி வைத்திருந்தோம். அடுத்த மாதம் குட்டிகளுக்குப் போட்டபோது சித்தப்பாவே இடுக்கியை வாங்கிக்கொண்டார். அவர் ஆட்டை எதிரே நின்று பார்க்கிறவர். அவருக்கு இடது என்பது ஆட்டுக்கு வலது. ஒன்பது பெட்டைக் குட்டிகள் கிடாக் காதில் வில்லையோடு ஓடின. அதற்கப்புறம்தான் ஒரு விதி வந்தது: மேய்க்கும்போது ஆட்டுக்குப் பின்னால்தானே நடக்கிறோம், அப்படி நின்று எது இடதோ அதுதான் இடது.

புழு

பருவத்தைப் பார்க்காமல் போட்டதுதான் எல்லாவற்றிலும் பெரிய தப்பு. வில்லை போட்ட ஒன்பதாம் நாளே வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. ஈரம், ஈ, ஆறாத துளை. இரண்டு வாரத்தில் எட்டு ஆடுகள் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு காதை உதறின. ஒன்றைப் பிடித்து வில்லையை விலக்கினால் துளையைச் சுற்றிச் சீழ், உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது. அந்த வாடை இப்போது நினைத்தாலும் மூக்கில் வருகிறது.

கால்நடை மருத்துவர் வந்து புழுவை எடுத்து மருந்தடித்தார். அவர் இல்லாத நாட்களில் சித்தப்பா கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் கரைத்து விட்டார், புழு தானாக வெளியே வந்து விழுந்தது. எட்டில் ஆறு ஆடுகளுக்கு வில்லையைக் கழற்ற வேண்டியதாயிற்று. சித்தப்பா திட்டவில்லை. ஒவ்வொரு ஆட்டின் காதையும் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது வில்லை போடுவது மாசி, பங்குனி, காலை வெயில் ஏறுவதற்குள். பத்து நாள் தினமும் காதைப் பார்க்க வேண்டும், வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தொட்டு வைக்க வேண்டும். குட்டிக்குப் போடும்போது தண்டு இறுகாமல் காது தடிப்பதற்கு இடம் விட வேண்டும். இடம் விடாமல் போட்டதில் இரண்டு காதுகள் வில்லையையே விழுங்குகிற மாதிரி வீங்கின.

அடுத்த எதிரி கிளுவை. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் தழைக்குத் தலையை நுழைப்பது ஆட்டின் குணம். வெளியே இழுக்கும்போது வில்லை முள்ளில் மாட்டும், ஆடு வந்துவிடும், வில்லை வேலியிலேயே இருக்கும், காது இரண்டாகப் பிளந்திருக்கும். ஒரு வருடத்தில் இப்படி ஐந்து. புழுவால் கழற்றிய ஆறையும் சேர்த்தால் 61-ல் 11. ஏறக்குறைய ஆறில் ஒன்று. இது சின்ன விஷயமில்லை. ஒரே ஒரு வில்லை என்றால் வருடத்துக்குப் பதினோரு ஆடு அடையாளம் இழக்கிறது. இரண்டு காதிலும் ஒரே எண்ணைப் போட்டால், இரண்டும் ஒன்றாகப் போவது அறுபதில் இரண்டுக்குத்தான் நடக்கும். அப்போது வில்லை ஒன்று பத்துப் பதினைந்து ரூபாய்தான். பட்டியில் நிரந்தரமாக இருக்கப் போகிற தாய்களுக்கு இரண்டு காதிலும் போட்டோம், விற்கப் போகிற கிடாக் குட்டிக்கு ஒன்று. காது மொட்டையான இரண்டுக்கும் இழுத்தால் அறுந்துவிடும் மெல்லிய கழுத்துப் பட்டை. அந்தப் பட்டையை மாதம் ஒரு முறை புதிதாகக் கட்டுகிறோம்.

வில்லையின் நிறத்தை யோசித்துச் சொன்னது நானில்லை, மேய்க்கிற அண்ணன். “தம்பி, நம்பரப் படிக்கோணும்னா அது கிட்ட நான் போகோணும். நான் கிட்டப் போனா அது ஓடுது. கலர மாத்திப் போடுங்க, இங்கிருந்தே சொல்றேன்” என்றார். அதன்படி தையில் பிறந்தவைக்கு நீலம், ஆடியில் பிறந்தவைக்கு ஆரஞ்சு, பழைய தாய்களுக்கு மஞ்சள் என்று வைத்தோம். நிறம் ஐம்பது அடியில் தெரியும், எண் ஐந்தடியில்தான். வரிசை எண்ணை எப்படி அமைப்பது, வருடத்தை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று நான் இரண்டு ராத்திரி மண்டையைக் குடைந்தது எதற்கும் உதவவில்லை.

நோட்டு

வில்லை போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் நிறைய. என் அனுபவத்தில் வில்லை கால்பங்கு, நோட்டு முக்கால்பங்கு. நீளவாக்கு நோட்டில் ஆட்டுக்கு ஒரு பக்கம்: எண், தாய் எண், பிறந்த நாள், ஈத்து ஒவ்வொன்றின் தேதி, குட்டி எத்தனை, குட்டியின் எண், மூன்றாம் மாத எடை, கொடுத்த மருந்து. வில்லை விழுந்து புது எண் போட்டால் பழைய எண்ணையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். இதை மட்டும் விட்டோமானால் ஒரே ஆடு நோட்டில் இரண்டு ஆடாகிவிடும். எங்களுக்கு ஒரு முறை ஆனது.

ஒரு வருடம் எழுதிய பிறகு 2023 ஆவணியில் உட்கார்ந்து பார்த்தோம். மேச்சேரி சாதாரணமாக இரண்டு வருடத்துக்கு மூன்று ஈத்துக் கொடுக்கும், பெரும்பாலும் ஒற்றைக் குட்டி. 61 தாயில் ஏழு, ஒரு வருடமாக ஈனவே இல்லை. அந்த ஏழில் முதல் பெயர் நெத்திச்சுட்டி. சித்தப்பாவின் செல்லம், பாக்கெட்டில் கடலை தேடுகிறவள், “அவ சினை” என்று போனில் சொல்லப்பட்டவள். பதினாறு மாதமாக வெறும் வயிறு. இன்னொரு பக்கம், பார்க்கச் சகிக்காத காது கிழிஞ்சவ இரண்டு ஈத்திலும் இரட்டைக் குட்டி போட்டு நாலையும் கரை சேர்த்திருந்தாள்.

சித்தப்பா நோட்டை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “தப்பா எழுதியிருப்பீங்க” என்றார். தேதிகளைக் காட்டினேன். ஒரு குட்டியைக் காட்டி “இது அவ குட்டி” என்றார். அது வெள்ளைவாலியின் குட்டி, பிறந்த அன்றே எழுதியது. அதற்கு மேல் அவர் பேசவில்லை. முப்பது வருடக் கணக்கு எல்லாமே தப்பு என்று சொல்ல மாட்டேன், பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. பிடித்த ஆட்டின் விஷயத்தில் மட்டும் கணக்கு கொஞ்சம் சாய்ந்திருந்தது. யாருக்குத்தான் சாயாது?

இன்னொன்றும் நோட்டில்தான் வெளிப்பட்டது. இரண்டு கிடாவில் ஒன்று இதே பட்டியில் பிறந்தது. அதன் தாயும் கூடப்பிறந்தவையும் அங்கேயே மேய்கின்றன. அது தாயையும் ஏறும், மகளையும் ஏறும். நோட்டைப் பார்த்தால் அந்தக் கிடா வழிக் குட்டிகள்தான் மூன்றாம் மாத எடையில் பின்தங்கி நின்றன. அதைச் சந்தையில் விற்றுவிட்டு மூலனூர்ப் பக்கமிருந்து உறவில்லாத கிடா ஒன்று வாங்கினோம். ஈனாத ஏழில் ஆறையும், குட்டியைச் சேர்க்காத மூன்றையும் விற்றோம். ஏழாவது நெத்திச்சுட்டி. அவளை விற்கும் பேச்சை நானும் எடுக்கவில்லை. பட்டியில் 52 தாய் மிஞ்சின.

கிடாவின் நெஞ்சில் சாயம்

வில்லை ஆடு யாரென்று சொல்லும், எப்போது சினைப்பட்டது என்று சொல்லாது. அதற்கு வேறொரு பழைய குறி இருக்கிறது: கிடாவின் நெஞ்சில் சாயம் தடவி விடுவது. அது ஏறிய ஆட்டின் பின்புறத்தில் சாயம் ஒட்டிக்கொள்ளும். செம்மறிக்குப் பருவச் சுழற்சி 17 நாள். முதல் 17 நாளுக்கு ஒரு நிறம், அடுத்த 17 நாளுக்கு அதைவிட அடர்ந்த நிறம். முதல் நிறம் மட்டும் இருந்தால் பிடித்துக்கொண்டது. இரண்டு நிறமும் இருந்தால் முதல் முறை தங்கவில்லை.

முதலில் சிவப்பு ஆக்சைடு தடவினோம். செம்பழுப்பு ஆட்டில் செங்காவி தெரியுமா? இரண்டு நாள் கழித்துத்தான் புத்தி வந்தது. அப்புறம் மஞ்சள், அதற்கப்புறம் பச்சை. கிடாக்களைத் தனியாகக் கட்டி வைத்திருந்து 2023 செப்டம்பர் 1 அன்று மஞ்சளோடு விட்டோம். மூன்று நாளைக்கு ஒரு முறை சாயத்தைப் புதுப்பிக்க வேண்டும். சித்தப்பாவின் வேட்டியெல்லாம் மஞ்சள்.

52-ல் 41 மஞ்சள் வாங்கின. அதில் எட்டு அடுத்த சுற்றில் பச்சையும் வாங்கின. ஒன்பது நேராகப் பச்சை. இரண்டில் எதுவுமே இல்லை, அதிலொருத்தி யார் என்று சொல்லத் தேவையில்லை. செம்மறிச் சினை ஏறக்குறைய 147 நாள். ஜனவரி 26 வாக்கில் முதல் குட்டி வர வேண்டும், 33 ஆடு அப்போதிலிருந்து இரண்டரை வாரத்துக்குள் ஈன வேண்டும். 31 ஈன்றன. அந்த நாட்களில் அண்ணன் பட்டியிலேயே படுத்தார். கடைசி ஒன்றரை மாதம் அந்த 33-க்கு மட்டும் அடர்தீவனம் போட்டோம். முன்பெல்லாம் 60-க்கும் போடுவோம், வலுத்தது தின்னும்.

பன்னிரண்டு இலக்கம்

இதற்கு நடுவே ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி போட வந்தவர்கள் அரசாங்க வில்லையும் போட்டார்கள். நாடு முழுக்க மாடு, எருமை, ஆடு எல்லாவற்றுக்கும் போடும் 12 இலக்க மஞ்சள் வில்லைதான். அந்த எண்ணில் தடுப்பூசியும் உரிமையாளர் விவரமும் கணினியில் ஏறும். மாவட்டம் தாண்டி நோய் பரவினால் எங்கிருந்து வந்தது என்று தேட அது வேண்டும். 2001-ல் பிரிட்டனில் கோமாரி வந்தபோது மாடுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிவு இருந்தது, செம்மறிக்கு இல்லை. நோய் தெரிய வருவதற்குள் சந்தை வழியாக ஆடுகள் நாடெங்கும் போய்விட்டன. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். செம்மறிக்கு மின்னணு வில்லை அங்கே கட்டாயமானதற்குப் பின்னால் அந்த வருடம் இருக்கிறது.

ஆனால் பன்னிரண்டு இலக்கத்தைக் கொறங்காட்டில் நின்று யாரும் படிக்க முடியாது. அது அலுவலகத்துக்கான குறி, நாங்கள் போட்ட எண் பட்டிக்கான குறி. இரண்டையும் நோட்டில் ஒரே பக்கத்தில் எழுதுகிறோம். வில்லை விழுந்ததைக் கவனிக்காமல் விட்டதற்கும் ஒரு விலை கொடுத்தோம். 2023 ஐப்பசியில் முதல் மழைப் புல்லைத் தின்ற இரண்டு ஆடு துள்ளுமாரி நோயில் செத்துப் போயின. இரண்டுமே காப்பீடு செய்தவை. ஒன்றின் காதில் காப்பீட்டு வில்லை இல்லை, எப்போதோ வேலியில் விழுந்திருக்கிறது. வில்லை இல்லையென்றால் பணம் இல்லை என்பது காப்பீட்டில் எழுதாத விதி இல்லை, எழுதிய விதிதான். ஒரு வருடப் படங்கள், நோட்டு, மருத்துவர் சான்று எல்லாம் காட்டினோம். அந்த நிறுவனம் ஒரு வரியில் மறுத்தது. கோபம் வந்தது. பத்திரத்தை எடுத்துப் படித்தால் வில்லை விழுந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. இப்போது ஞாயிறுதோறும் பட்டி வாசலில் ஒவ்வொன்றாக வெளியே விட்டு இரண்டு காதையும் பார்க்கிறோம். அத்தனைக்கும் சேர்த்து இருபது நிமிடம் ஆகும்.

போன வாரம் சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். “தம்பி, நீலம் 14 வரல. மத்ததெல்லாம் வந்திருச்சு.” சித்தப்பா பக்கத்தில்தான் இருந்தார். நீலம் 14 யார் என்று என்னைக் கேட்டார். நோட்டைப் பார்த்து, காது கிழிஞ்சவளின் மூத்த மகள் என்றேன். “அதச் சொல்லு மொதல்ல” என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளுவை வேலிப் பக்கம் நடந்தார்.